கதவுக்குப் பின்னால் ஒரு ராணி

பேராச்சிக்கு எந்த உடம்பு பொருத்தமாக இருக்கும் என்று ஹமீது மூன்று உடம்புகளைக் கம்ப்யூட்டர் திரையில் வரிசையாக நிறுத்திக் காட்டினான். அரக்குப் பட்டு ஒன்று, கிளிப்பச்சைப் பட்டு ஒன்று, மாம்பழ மஞ்சள் ஒன்று. மூன்றுக்கும் தலை இல்லை.

“அரக்கே போடுவோம்க்கா. போன வாரம் பால்கடை ஆச்சிக்கு அதைத்தான் போட்டேன். பாத்தவங்க எல்லாம் நல்லாயிருக்குன்னாங்க.”

அந்த ஆச்சியையே கேட்க இனி வழியில்லை என்று பேராச்சியின் மகள் மாரிசெல்வி நினைத்துக்கொண்டாள்.

தாராவியின் அந்தப் பக்கத்தில் ஹமீதின் ஃபிளெக்ஸ் கடையைத் தாண்டாமல் யாரும் ஒழுங்காகச் செத்துவிட முடியாது. ஆயுசு முழுக்கக் கைலியும் பனியனுமாகத் தோல் பட்டறையில் குனிந்து கிடந்தவர்கள்கூட, செத்த அன்று மத்தியானம் கோட்டும் டையுமாக, கல்லி என்கிற அந்தச் சந்து முனையில், ஃபிளெக்ஸில் நிமிர்ந்து நிற்பார்கள். எல்லாருக்கும் ஒரே கோட்டு. முகம் தெரியாத மாப்பிள்ளை ஒருவர் எப்போதோ கொடுத்துவிட்டுப் போன உடம்பு, கொஞ்சம் குண்டு. ஒல்லியான ஆட்களுக்குத் தலை சுண்டைக்காய் மாதிரி ஆகிவிடும். ஆனாலும் குறை சொன்னவர் யாருமில்லை. பெண்களுக்கு இந்த மூன்று பட்டு. கழுத்துக்கு மேலே யார் வந்தாலும் கழுத்துக்குக் கீழே அதே அட்டிகை.

“உடம்பு கெடக்கட்டும்க்கா. மொதல்ல தலை குடுங்க,” என்றான் ஹமீது.

அங்கேதான் சிக்கல். மாரிசெல்வியின் ஃபோனில் அம்மா இருந்தாள், முகம்தான் இல்லை. பேத்தியின் பிறந்தநாள் படத்தில் ஒரு முழங்கை. கணபதி ஊர்வலத்தில் பின்கொண்டை. கேமராவைக் கண்டால் பேராச்சி உள்ளங்கையை விரித்து முன்னால் நீட்டிவிடுவாள். பல வருஷமாகவே அப்படி. ஆதார் கார்டில் இருந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தது.

“நஹி சலேகா தீதி, இது சரிப்படாது. இதைப் போட்டா பேராச்சி சாச்சி என் கனவுல வந்து அடிப்பாங்க.”

கூட வந்திருந்த முத்துமாரி இதுவரை வாயைத் திறக்கவில்லை. அதுவே அதிசயம். பேராச்சிக்கு எதிர்வீட்டுக்காரி. துணைக்கு வருகிறேன் என்று கிளம்பி வந்திருந்தாள். கொஞ்ச நேரம் எழவு வீட்டில் இல்லாமல் போனால் என்னென்ன பேச்சு தவறிப்போகும் என்று தெரிந்தும் வந்தாளென்றால், அவள் மனசில் ஏதோ கிடந்து உறுத்துகிறது என்று அர்த்தம்.

“ஏட்டி செல்வி. ஒண்ணு சொல்லுதேன், கோவப்படப்படாது.”

“சொல்லுங்கத்த.”

“உங்கம்மை போட்டோ ஒண்ணு எங்க வீட்டுல கெடக்கு. பெருசு.”

“எந்தப் போட்டோ?”

முத்துமாரி ஹமீதைப் பார்த்தாள். ஹமீது நாகரிகமாக மவுஸைப் பார்த்தான்.

“அந்த வெள்ளச் சேலை,” என்றாள்.

அந்த வெள்ளைச் சேலையின் கதை கல்லியில் எல்லாருக்கும் தெரியும். தெரியாது என்று சொல்கிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

பேராச்சி மாஹிமில் சாயிரா என்ற போட்டோக்காரப் பெண்ணின் ஸ்டூடியோவில் துணிகளுக்கு இஸ்திரி போடும் வேலை பார்த்தாள். சாயிரா கல்யாணப் படம், பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஆள் இல்லை. பழைய காலத்து ராஜாக்கள், நவாபு வீட்டுப் பெண்கள், பார்சிச் சீமாட்டிகள் என்று ஆட்களுக்கு அந்தந்தக் காலத்து உடுப்பைத் தைத்து உடுத்தி, உட்காரவைத்து, எண்ணெய்ச் சாயத்தில் வரைந்த ஓவியம் மாதிரிப் படம் எடுப்பாள். அதைக் கெட்டியான காகிதத்தில் அச்சடித்து, கீழே பென்சிலால் கையெழுத்துப் போட்டு, கோட்டைப் பக்கத்துக் கேலரிகளில் மாட்டுவாள். பணமுள்ளவர்கள் வாங்கிப்போய் சோபாவுக்கு மேலே மாட்டிக்கொள்வார்கள். சொந்த வீட்டுப் பெரியவர்களின் படம் பரணில் கிடக்கும்.

மழையில் ரயில் நின்றுபோன ஒரு நாள், ராணியாக உட்கார வேண்டிய பெண் அந்தேரியிலேயே மாட்டிக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சம் அன்றைக்கென்று பார்த்து அழகாக விழுந்தது. சாயிரா சுற்றுமுற்றும் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியோடு நின்றது பேராச்சி.

எந்த ராணி என்று பேராச்சி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. புருஷன் செத்த பிறகு தானே சிங்காசனத்தில் உட்கார்ந்து நாட்டை ஆண்ட ஒரு மராட்டிய ராணியாம். வெள்ளையில் ஒன்பது கஜம், தலையில் முக்காடு, ஒற்றை முத்துமாலை. வளையலைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினாள். தாலியை உள்ளே விடச் சொன்னார்கள், விட்டாள். பொட்டை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

படம் ஒரு இங்கிலீஷ் பேப்பரில் வந்தது. முகம் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு. பட்டறை முதலாளி அதைக் கொண்டுவந்து பேராச்சியின் புருஷன் பிச்சையாவிடம் காட்டி, “என்னய்யா, உன் வீட்டம்மா பெரிய ஆளாயிட்டாங்க போலிருக்கே,” என்றார். பிச்சையா கண்ணில் பட்டது பொட்டில்லாத நெற்றி ஒன்றுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அது கல்லியில் ஏழெட்டு வீட்டுக்குக் கேட்டது.

“ஏ பிள்ள, நான் செத்துட்டனா?”

பேராச்சி அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்து உலையில் போட்டாள்.

அந்த மழைக்காலத்தில் பிச்சையாவுக்கு இழுப்பு வந்தது. இத்தனை வருஷம் தோல் பட்டறைப் பசையை முகர்ந்தவருக்கு இழுப்பு வராமல் என்ன வரும் என்று டாக்டர் கேட்டார். டாக்டருக்கென்ன தெரியும். பிச்சையாவைப் பொறுத்தவரை அது வெள்ளைச் சேலையால் வந்த இழுப்பு. முழங்கால் வலித்தது, வெள்ளைச் சேலை. பல் ஆடியது, வெள்ளைச் சேலை. அடுத்த தீபாவளிக்கு சாயிரா அந்தப் படத்தைச் சட்டம் போட்டுப் பேராச்சிக்கே கொடுத்தனுப்பினாள். “அது வாசப்படி ஏறுச்சுன்னா நான் எறங்கிருவேன்,” என்றார் பிச்சையா. பேராச்சி படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். அதற்கப்புறம் எந்தக் கேமரா முன்னாலும் அவள் நிற்கவில்லை. குழாயடியில் “மகாராணி வந்தாச்சு, குடத்த நவுத்துங்க” என்று பெண்கள் சீண்டினால் மட்டும் லேசாகச் சிரிப்பாள்.

படம் மாஹிமுக்கே போய்விட்டதென்றுதான் மாரிசெல்வியும் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

எழவு வீட்டு வாசலைத் தாண்டித்தான் முத்துமாரி வீட்டுக்குள் போக வேண்டும். ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் பிச்சையா உட்கார்ந்திருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் அவர் கையைப் பிடிக்கும்போது ஒரு தடுமாற்றம் தெரிந்தது. இழுப்பு வந்த நாளிலிருந்து கல்லி அவருக்காகத்தான் தயாராக இருந்தது. பாடை திரும்பாத முனையில் யார் வீட்டு சைக்கிளை எடுக்கச் சொல்வது என்பதுவரை பேசி வைத்திருந்தார்கள். கடைசியில் காலையில் தண்ணீர் பிடிக்கும்போது குடத்தோடு சாய்ந்தது பேராச்சி. தன் முறை வந்தும் வரிசையில் வேறு ஆளை முன்னே விட்டுவிட்டு நிற்கிறவரைப் பார்ப்பதுபோல எல்லாரும் அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

உள்ளே பெண்கள் பேராச்சிக்குத் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து கூடையோடு வந்த மல்லிகை. “குடுத்து வச்சவ, பூவும் பொட்டுமாப் போறா,” என்று ஒருத்தி மூக்கை உறிஞ்ச, மற்றவர்கள் தங்கள் புருஷன்மார் வயதை மனசுக்குள் கணக்குப் பார்த்தார்கள்.

முத்துமாரி தன் வீட்டுக்குள் போனதும் கதவைச் சாத்தினாள். சாத்தினால்தான் படம் தெரியும். திறந்திருந்தால் கதவே மறைத்துக்கொள்ளும். தாராவியில் பகல் வேளையில் வீட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள் யார்?

மாரிசெல்வி படத்துக்கு நேராகப் போய் நின்றாள்.

கண்ணாடிக்குள் இருட்டு. அந்த இருட்டிலிருந்து வெள்ளைச் சேலை மடிப்பு மடிப்பாக வெளியே வந்தது. ஒவ்வொரு மடிப்பும் பேராச்சியே இஸ்திரி போட்டது. காகிதத்தில் பளபளப்பு இல்லை. விரல் வைத்தால் துணி மாதிரி இருக்கும் போலிருந்தது. உயரமான முதுகு வைத்த நாற்காலி. அதன் கைமேல் அம்மாவின் வலது கை, கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்போடு. அதை மறைக்க யாரும் முயற்சி செய்யவில்லை. முகம் நேராகப் பார்த்தது. அம்மா யாரையும் இப்படிப் பார்த்து மாரிசெல்வி கண்டதில்லை. அடுத்து செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இல்லாத முகம் அது.

“கீழ பாரு, பென்சில்ல எழுதியிருக்கா. ஏழுக்கு மூணு,” என்றாள் முத்துமாரி. “அந்தப் பொம்பள மார்க்குப் போடுததுல கறார் போல. உங்கம்மைக்கு ஃபெயில் மார்க்கு.”

“அது மார்க் இல்லத்த. ஏழு காப்பி போட்டதுல இது மூணாவது.”

“அப்ப இன்னும் ஆறு வீட்டுல இருக்காளா இவ?” முத்துமாரி வாயில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் அந்த ஆறு வீடுகளையும் நினைத்துப் பார்த்தாள். “மத்தியானம் கறிவேப்பிலை கேட்டு வருவா. அவ வீட்டுலயே கட்டுக் கட்டாக் கெடக்கும். வந்து கதவச் சாத்திட்டு, ஒரு டீ குடிக்க நேரம் பாத்துட்டுப் போயிருவா. ஒண்ணும் சொல்ல மாட்டா. ஒரே ஒரு நா கேட்டா.”

“என்ன கேட்டா?”

“‘இவளுக்கு யாரு மைனி சோறு பொங்குவா?’ன்னா. நா என்னத்தக் கண்டேன்.”

மாரிசெல்வி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். தூசி இல்லை. யாரோ அடிக்கடி துடைத்திருக்கிறார்கள்.

“இந்தப் படத்தத்தான் வைக்கணும்,” என்றாள்.

“கிறுக்கு மாதிரிப் பேசாத. சுமங்கலியாப் போறவளுக்கு வெள்ளச் சேலைப் படமா? நாளப் பின்ன உன் மூஞ்சியில ஒருத்தரும் முழிக்க மாட்டாவ. உங்கப்பா பாத்தாவன்னா இங்கனயே விழுந்துருவாவ. ஒரே வண்டியில ரெண்டு பேரையும் ஏத்தணும். படம் பிடிச்சு அந்த ஹமீதுக்கு அனுப்பு. அவன் சரி பண்ணிருவான்.”

உடம்பை எடுக்கும் முன்னால் தலைமாட்டில் படம் வைத்து விளக்கேற்ற வேண்டும். அதற்குள் ஒரு முகம் வேண்டும். மாரிசெல்வி ஃபோனில் படம் பிடித்து அனுப்பினாள். வெளியே ஆட்டோ சத்தம் கேட்டது. செம்பூரிலிருந்து மாமா பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்து இறங்கியிருந்தார். இனி அதிக நேரம் இல்லை.

ஹமீது வேலைக்காரன். உடனே அனுப்பிவிட்டான். அரக்குப் பட்டு, அட்டிகை, நெற்றியில் ரூபாய் அகலத்துக்குச் சிவப்புப் பொட்டு. நாற்காலியும் கையும் போய்விட்டன. பின்னால் இருட்டு இருந்த இடத்தில் இரண்டு புறாக்கள் பறந்தன. கூடவே ஒரு குரல் செய்தி: “தீதி, மூஞ்சி கொஞ்சம் கடக்கா, விறைப்பா இருந்துச்சு. லேசா சிரிக்க வச்சிருக்கேன். ஓகேன்னா பிரிண்ட் போடுறேன்.”

“பாத்தியா, லட்சுமியா இருக்கா,” என்றாள் முத்துமாரி. சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தாள். மறுபடி ஃபோனைப் பார்த்தாள். “பால்கடை ஆச்சிக்குத் தங்கச்சி மாதிரி இருக்கா,” என்றாள், குரலைத் தாழ்த்தி.

ஓகே என்று ஒரு சொல்தான். மாரிசெல்வியின் கட்டைவிரல் அதன் மேலேயே நின்றது. இதை அனுப்பிவிட்டால் ஒரு வம்பும் இல்லை. படம் கல்லி முனையில் பத்து நாள் நிற்கும், அப்புறம் யாராவது அதை மழைக்குக் குளிக்கிற மோரிக்கு மேலே கட்டிக்கொள்வார்கள். வீட்டுச் சுவரில் மாட்டுவதும் இதுவாகத்தான் இருக்கும். தன் மகள் இனி இந்தப் புறாக்களுக்கு நடுவில் சிரிப்பவளைத்தான் ஆச்சி என்று சொல்வாள். அந்த இன்னொருத்தி முத்துமாரி வீட்டுக் கதவுக்குப் பின்னாலேயே இருந்துவிடுவாள்.

அவள் வெளியே வந்து அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினாள். முத்துமாரி ‘வேண்டாம்’ என்று கண்ணால் சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள். வேண்டாம் என்று சொன்னாலும், வராமல் இருக்க அவளால் முடியாது.

“யப்பா. அம்மா படம். இதை வைக்கட்டுமா?”

பிச்சையா மேல்சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார். சட்டை போட்டிருக்கவில்லை. கொள்ளி வைக்க வேண்டியவர் என்று குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டி உட்காரவைத்திருந்தார்கள். கண்ணாடி இல்லாமலே ஃபோனைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். எங்கிருந்து வந்த படம் என்று கேட்கவில்லை. நெஞ்சுக்குள் விசில் மாதிரி மூச்சு ஏறி இறங்கியது.

“பொட்டு பெருசால்லா இருக்கு,” என்றார்.

“சின்னதாக்கச் சொல்லுதேன்.”

அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கைய எங்க?”

“என்ன கை?”

“நாக்காலி மேல வச்சிருப்பால்லா. கட்டவெரலுகிட்ட சூடு பட்ட தழும்பு தெரியும். அத ஏன் வெட்டிட்டான்?”

பேப்பரில் வந்தது முகம் மட்டும்தான். மாரிசெல்வி அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் மெல்லத் திரும்பி முத்துமாரியைப் பார்த்தாள். முத்துமாரிக்கு அந்த நேரம் பார்த்து ஷாமியானாக் கயிறு தளர்ந்திருப்பது கண்ணில் பட்டது. அதை இழுத்துக் கட்டப் போனாள். மாரிசெல்வி எழுந்து அவள் பின்னாலேயே போனாள்.

“அத்த.”

“ஃபேன் சத்தம் போடுதுன்னு பாக்க வருவாவ,” என்றாள் முத்துமாரி, முடிச்சைப் பார்த்தபடி. “அவ வேலைக்குப் போன பெறவு. ஸ்குரூடிரைவர் எடுத்துட்டு வருவாவ. கதவச் சாத்துனாத்தான் சத்தம் எங்கன இருந்து வருதுன்னு தெரியும்பாவ. நா அடுப்படிக்குப் போயிருவேன்.”

“ஃபேன் சத்தம் போடுமா?”

“ஒரு நாளும் போட்டதில்ல.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“எவ சொல்லுவா? ரெண்டு பேரும் ஆளுக்கொரு நேரத்துல வந்து பாத்துட்டுப் போறாவ. சொன்னா அதோட நின்னு போயிரும்லா.” முடிச்சு போட்டு முடித்தாள். கல்லியில் யாருக்கும் சொல்லாமல் இத்தனை வருஷம் அவள் வயிற்றுக்குள் வைத்திருந்த சங்கதி அது ஒன்றுதான். சொன்ன பிறகு கொஞ்சம் இளைத்தவள் மாதிரித் தெரிந்தாள்.

மாரிசெல்வி திரும்பி வந்தபோது அப்பா ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார்.

“யப்பா...”

“ரெண்டு பேராப் பிடிச்சுத் தூக்கிட்டு வாங்க,” என்றார், தரையைப் பார்த்து. “கண்ணாடி கனம். ஒருத்தராத் தூக்க முடியாது.”

எதிர்வீட்டிலிருந்து படம் வெளியே வந்தது. கல்லியின் அகலம் கைநீட்டினால் முடிந்துவிடும். அவ்வளவு தூரத்தைத் தாண்ட வெள்ளைச் சேலைக்கு இத்தனை வருஷமாயிற்று. செம்பூர் மாமா எழுந்து நின்றார். பேசத்தான் எழுந்தார், நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். உள்ளே ஒருத்தி, “ஏ தாயி, இதையா வைக்கப் போறீய? வெள்ளயில்லா இது,” என்றாள். மாரிசெல்வி பேராச்சியின் தலைமாட்டில் படத்தைச் சுவரோடு சாய்த்து வைத்தாள்.

இப்போது இரண்டு பேராச்சி இருந்தார்கள். ஐஸ் பெட்டிக்குள் இருந்தவள் கூறைச் சிவப்பில், கை நிறையக் கண்ணாடி வளையலும் முகம் நிறைய மஞ்சளும், பார்க்கவே நெருக்கடியாகக் கிடந்தாள். மற்றவள் அவள் தலைக்கு மேலே காலாற உட்கார்ந்திருந்தாள்.

ஐஸ் பெட்டி மூடியைத் திறந்தார்கள். புருஷன் கையால் கடைசிப் பொட்டு வைக்க வேண்டும். பிச்சையாவை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். குங்குமச் சிமிழை முத்துமாரி நீட்டினாள். அவர் வைத்த பொட்டு மூக்கின் மேல்வரை இழுபட்டது. யாரோ அழ ஆரம்பித்தார்கள். முத்துமாரி குனிந்து புறங்கையால் சரிசெய்தாள். சரிசெய்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“அண்ணாச்சி, படத்துக்கும் ஒண்ணு வச்சிருங்க. வச்சிட்டா ஒரு கொறையும் இல்ல.”

பெண்களுக்குப் பெரிய நிம்மதி. அதுதானே, இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மாலை போடுகிற எல்லாப் படத்துக்கும் கண்ணாடிமேல் பொட்டு வைப்பது வழக்கம்தான். வெறும் நெற்றி தானாக மறைந்துவிடும்.

பிச்சையா மறுபடி சிமிழில் விரலைத் தோய்த்தார். படத்துக்கு முன்னால் குந்தி உட்கார அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூச்சு இழுத்தது. மாரிசெல்வி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். விரல் கண்ணாடிக்கு அருகே போய், நெற்றிக்கு நேராக நின்றது. வெளியே ஆண்கள் “நேரமாச்சு, எடுக்கணும்,” என்று குரல் கொடுத்தார்கள்.

விரல் கீழே இறங்கியது. முத்துமாலையைத் தாண்டி, கையைத் தாண்டி, பென்சில் கையெழுத்தையும் தாண்டி வந்து, சட்டத்தின் அடிமரத்தில் ஒரு பொட்டு வைத்தது.

அவர் எழுந்துகொண்டார். விரலில் மிச்சமிருந்த குங்குமத்தைத் துடைக்கத் துண்டைத் தேடினார். துண்டு நாற்காலியிலேயே கிடந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, இடுப்பில் இருந்த புது வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார். வெள்ளையில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. அதோடு அவர் நடந்து வாசலுக்குப் போனார்.